142 சென்டிமீட்டர் சந்தோஷம்

நீளம் 58.5 சென்டிமீட்டர். உயரம் 56.5. அகலம் 27. கூட்டினால் 142. லண்டன் வெம்ப்ளியில், அக்கா வீட்டுக் கூடத்தில் மண்டி போட்டுக்கொண்டு, தையல் டேப்பால் மூன்று தடவை அளந்தேன். மூன்று தடவையும் அதே 142! நீளம், அகலம், உயரம் மூன்றும் சேர்ந்து 158 சென்டிமீட்டருக்குள் இருந்தால் பெரும்பாலான விமான நிறுவனங்களுக்கு அது சாதாரணப் பெட்டி. இரண்டு சக்கரம், மூன்று கியர், மட்கார்டு, சீட்டு, பெடல் எல்லாம் உள்ள ஒரு முழு சைக்கிள் பூனைக்குட்டி மாதிரி தரையில் சுருண்டு கிடக்கிறது. விமானத்தின் கண்ணுக்கு அது சூட்கேஸ். அதிலும் 16 சென்டிமீட்டர் மிச்சம்!

"அளந்தது போதும்டி, தோசை ஆறுது" என்றாள் அக்கா. தோசையாவது ஒன்றாவது! எனக்கு அன்று பசியே இல்லை.

இது 2019 செப்டம்பரில் நடந்தது. அக்கா என்றால் சித்தி மகள். அவளைப் பார்க்கத்தான் லண்டன் போனேன் என்று வீட்டில் எல்லோரும் நம்பினார்கள். பாதி உண்மை. மறுபாதி உண்மை, அவள் வீட்டிலிருந்து பஸ்ஸில் போகிற தூரத்தில் இருக்கும் கிரீன்ஃபோர்டு. பிராம்ப்டன் மடக்கு சைக்கிள் பிறக்கிற ஊர் அது.

சென்னைக்காரர்களுக்கு இங்கிலாந்து சைக்கிள் அந்நியமே இல்லை. 1949இல் முருகப்பா குழுமம் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸோடு சேர்ந்து டி.ஐ. சைக்கிள்ஸைத் தொடங்கியது. அம்பத்தூரிலிருந்து வந்த ஹெர்குலிஸ், பி.எஸ்.ஏ. இரண்டுமே பர்மிங்ஹாமில் பிறந்த பெயர்கள். அப்பாவின் ஹெர்குலிஸ் பாரில் துண்டைச் சுற்றி உட்கார்ந்துதான் நான் பள்ளிக்கூடம் போனேன். அந்தப் பெயர்கள் கப்பலில் வந்தன. என் வண்டியை நானே விமானத்தில் கொண்டுவர வேண்டும் என்று பல வருட ஆசை.

கிரீன்ஃபோர்டு தொழிற்சாலைக்குக் கட்டணம் கட்டி முன்பதிவு செய்தால் உள்ளே அழைத்துப்போய்ச் சுற்றிக் காட்டுகிறார்கள். பாதுகாப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு உள்ளே காலை வைத்ததும் முதலில் கண்ணில் பட்டது பச்சை நெருப்பு. நிஜமாகவே பச்சை! இரண்டு எஃகுக் குழாய்கள் சேரும் இடத்தில் ஒருவர் சுடரைக் காட்டுகிறார். குழாய் செவ்வாழை நிறத்துக்கு வந்து, பிறகு ஆரஞ்சாகிறது. மெல்லிய பித்தளைக் கம்பியால் தொடுகிறார். நெய் உருகுவது போல அது உருகி இணைப்பைச் சுற்றி உள்ளே ஓடிவிடுகிறது. சுடருக்குப் பச்சை நிறம் தருவது அதில் கலந்துவரும் போரான். உலோகத்தின்மேல் துரு போன்ற படலம் பிடிக்காமல் காப்பதும் அதுதான். வெல்டிங்கில் எஃகே உருகும். இதில் உருகுவது ஏறத்தாழ 900 டிகிரியில் இளகும் பித்தளை மட்டும். எஃகு உருக வேண்டுமானால் 1,400 டிகிரியைத் தாண்ட வேண்டும். அதனால்தான் அவ்வளவு மெல்லிய குழாயையும் பலம் குறையாமல் ஒட்ட முடிகிறது.

இனிமேல்தான் எனக்குப் பிடித்த விஷயம். ஒட்டி முடித்தவர் தனக்கென்று உள்ள எழுத்து முத்திரையை அந்தப் பாகத்தில் பதிக்கிறார். ஒவ்வொரு ஒட்டுக்காரருக்கும் ஒரு முத்திரை. நம் ஊர்ப் பாத்திரக்கடையில் குடத்தின் கழுத்தில் பெயர் வெட்டுவார்களே, அங்கே வாங்குபவர் பெயர். இங்கே செய்தவர் பெயர். ஒரு வண்டியில் சுமார் 1,200 பாகங்கள் என்கிறார்கள், பெரும்பாலானவை வேறு எந்த சைக்கிளிலும் பொருந்தாதவை. அத்தனைக்கும் நடுவில் யாரோ ஒருவருடைய இரண்டு எழுத்து. நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டேன். புகையால் இல்லை.

இதை உருவாக்கியவர் ஆண்ட்ரூ ரிச்சி. கேம்பிரிட்ஜில் பொறியியல் படித்துவிட்டுத் தோட்டம் அமைக்கும் வேலை செய்துகொண்டிருந்தவர். 1970களின் நடுவில், பிக்கர்ட்டன் என்ற அலுமினிய மடக்கு சைக்கிளைப் பார்த்துவிட்டு, இதைவிட நன்றாக மடிக்க முடியும் என்று தன் படுக்கையறையிலேயே வேலையைத் தொடங்கினார். ஜன்னலுக்கு எதிரே பிராம்ப்டன் ஆரட்டரி தேவாலயம். வண்டிக்கும் அந்தப் பெயரையே வைத்தார். மாதிரி வண்டி செய்ய நண்பர்கள் ஆளுக்கு 100 பவுண்டு போட்டார்கள். பெரிய கம்பெனிகள் வேண்டாம் என்றன. 1981இல் சிறிய அளவில் தயாரிப்பு. 1988இல் பிரெண்ட்ஃபோர்டில் ரயில் பாலத்து வளைவுக்கு அடியில் ஒரு பட்டறை. அங்கிருந்து வளர்ந்து 2016இல் கிரீன்ஃபோர்டு. இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த பாத்திரம் அந்த ஜன்னல்தான்.

வண்டியை கோவென்ட் கார்டன் பக்கம் லாங் ஏக்கர் தெருவில் உள்ள பிராம்ப்டன் கடையில் வாங்கினேன். எம்3எல். எம் என்பது ஹேண்டில்பாரின் வடிவம், 3 என்பது கியர், எல் என்பது மட்கார்டு உண்டு என்பதற்கு. மூன்று கியரும் பின் சக்கரத்தின் ஹப்புக்குள்ளேயே இருக்கின்றன. வெளியே தொங்கி அடிபட்டு வளைகிற கியர் மாற்றி கிடையாது. விமானத்தில் போகப்போகும் வண்டிக்கு இதைவிடப் பெரிய வரம் எது? நிறம், மஞ்சள். அதில் நான் யார் பேச்சையும் கேட்பதாக இல்லை.

மின்சார மாடலும் பக்கத்திலேயே நின்றது. அதன்மேல் ஆசைப்பட்டால் விமானக் கனவு அங்கேயே முடிந்தது. 160 வாட்-மணிக்கு மேற்பட்ட லித்தியம் பேட்டரியைப் பயணிகள் விமானத்தில் பையிலும் கொண்டுபோக முடியாது, கையிலும் கொண்டுபோக முடியாது. அந்த வண்டியின் பேட்டரி 300. அம்மாவுக்கு வாங்கலாம் என்று மின்சார சைக்கிளைப் பார்க்கிறவர்கள் இந்த ஒரு எண்ணை முதலில் கேளுங்கள்.

கடைக்காரர் மடிக்கச் சொல்லிக்கொடுத்தார். பின் சக்கரத்தை ஒரு உதை, அது வண்டிக்கு அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும். நடு மூட்டைத் தளர்த்தினால் முன் சக்கரம் திரும்பி வந்து பின் சக்கரத்தின் பக்கத்தில் நிற்கும். ஹேண்டில்பார் கீழே விழும். கடைசியாகச் சீட்டு இறங்கும். இறங்கியதும் மொத்தமும் பூட்டிக்கொள்ளும். செயினும் பல்சக்கரமும் இரண்டு சக்கரத்துக்கும் நடுவே ஒளிந்துகொள்வதால் புடவையில்கூட மை படாது. எனக்கு முதல் தடவை இரண்டு நிமிடம், ஏழாவது தடவை இருபது விநாடி. எட்டாவது தடவை வேண்டுமென்றே மெதுவாக மடித்தேன், ஒவ்வொரு டக் சத்தத்தையும் கேட்பதற்காக.

கடையை விட்டு வெளியே வந்ததும் நேராக எங்கே போயிருப்பேன்? பிராம்ப்டன் ஆரட்டரிதான்! நாலு கிலோமீட்டர் மிதித்துப்போய், குவிமாடத்துக்கு எதிரே வண்டியை நிறுத்தி, எந்த ஜன்னலோ என்று நிமிர்ந்து நிமிர்ந்து பார்த்தேன். மாலை ஆபீஸ் நெரிசலில் சுரங்க ரயில் ஏறினேன். அந்த நேரத்தில் பெரிய சைக்கிள்களுக்கு அங்கே அனுமதி இல்லை. மடித்த சைக்கிளுக்கு எந்த நேரமும் உண்டு. என் காலடியில் மஞ்சளாக உட்கார்ந்து வந்தது.

இனி, பேக்கிங் ராத்திரி. இதைத்தான் யாரும் வெளியே காட்டுவதில்லை.

பிராம்ப்டன்காரர்களிடையே ஒரு ரகசியம் புழங்குகிறது: ஐக்கியாவின் டிம்பா பை. மெத்தை, கம்பளி போட்டு வைக்கிற மலிவான ஜிப் பை. 65க்கு 65, அகலம் 22. மடித்த சைக்கிள் அதற்குள் இழுத்துப் பிடித்து நுழைந்துவிடும், அளவு எடுத்துத் தைத்த ரவிக்கை மாதிரி. வெம்ப்ளிப் பக்கத்திலேயே ஐக்கியா இருக்கிறது. அக்காவும் நானும் போய் இரண்டு பை வாங்கினோம், ஒன்றுக்குள் ஒன்று. கட்டிடச் சாமான் கடையில் நுரைக் குழல் வாங்கினோம். பனிக்காலத்தில் தண்ணீர்க் குழாய் உறையாமல் இருக்க அந்த ஊரில் மாட்டுவார்களே, அது. நீளவாக்கில் கீறல் இருப்பதால் சைக்கிள் குழாயில் அப்படியே கவ்விக்கொள்கிறது. ஒரு அட்டைப்பெட்டியை வெட்டி நாலு பக்கமும் சுவர் வைத்தோம்.

கடைக்காரர் சொன்ன மூன்று விஷயங்களை அட்சரம் பிசகாமல் செய்தேன். ஒன்று, சீட்டுக் கம்பியைக் கழற்றாதே. இடம் மிச்சமாகுமே என்று கை பரபரக்கும்; ஆனால் மடிப்புக்குப் பூட்டே அதுதான், எடுத்தால் பின் சக்கரம் பைக்குள் அவிழ்ந்துகொள்ளும். இரண்டு, மூட்டுகளை முறுக்கும் இரண்டு கைப்பிடிகளையும் கழற்றி, திருகோடு சேர்த்து ஒரு சின்னப் பைக்குள் போட்டு வண்டியிலேயே கட்டு. வெளியே நீட்டிக்கொண்டிருப்பவை அவைதான், அடி வாங்குபவையும் அவைதான். மூன்று, முன்னால் பை மாட்டும் கட்டையை எல்-கீயால் ஒரே திருகில் கழற்று. எல்-கீயும் பம்பும் செக்-இன் பையில் போக வேண்டும். கைப்பையில் வைத்தால் பாதுகாப்புச் சோதனையில் நின்றுவிடலாம்.

டயர் காற்றைப் பற்றி ஆளுக்கு ஆள் பயமுறுத்துவார்கள், வானத்தில் வெடித்துவிடும் என்று. வெடிக்காது! சாமான் ஏற்றும் அறையிலும் பயணிகள் அறையைப் போலவே காற்றழுத்தம் காக்கப்படுகிறது. அதிகபட்சம் 8,000 அடி மலைமேல் இருப்பது போல, ஊட்டியைவிடச் சற்று உயரம், அவ்வளவுதான். டயருக்குக் கூடுதலாக நாலு பி.எஸ்.ஐ. மாதிரி அழுத்தம் வரும். நூறு தாங்குகிற டயருக்கு அது ஒரு பொருட்டே இல்லை. ஆனாலும் சில நிறுவனங்கள் காற்றைக் குறைக்கச் சொல்கின்றன. பாதி காற்றை மட்டும் இறக்கினேன். முழுக்கப் பிடுங்கிவிட்டால் கீழே போடும்போது ரிம்முக்கு மெத்தை இருக்காது.

வண்டி பதினொன்றரைக் கிலோ. மிச்சம் இருந்த இடுக்குகளில் ஸ்வெட்டர், துண்டு, அக்கா அப்பாவுக்குக் கொடுத்த கம்பளிச் சட்டை. கடைசியாக, அட்டைச் சுவர் வைத்த பிறகு வண்டி எப்படி இருந்தது என்று ஒரு படம் எடுத்து, அச்சிட்டு, மேலே வைத்தேன்: "மடக்கு சைக்கிள். பேட்டரி இல்லை. இப்படித்தான் திருப்பி வைக்க வேண்டும். நன்றி." எக்ஸ்-ரேயில் சந்தேகம் வந்து திறப்பவர்களும் மனிதர்கள்தானே, அவர்களுக்குக் கை கொடுக்கலாமே என்று அக்கா சொன்ன யோசனை. தராசில் 15.4 கிலோ. அனுமதி 23. அக்காவை நான் கட்டிப்பிடித்துக் கத்தியதில் பக்கத்து வீட்டில் விளக்கு எரிந்தது.

ஹீத்ரோவில் முதல் வேலை, செக்-இன் இல்லை, சுங்க மேசை. அப்போது வெளிநாட்டுப் பயணிகளுக்கு 20 சதவீத வாட் வரியைத் திருப்பிக் கொடுக்கும் திட்டம் இருந்தது. கடையில் பாஸ்போர்ட்டைக் காட்டிப் படிவம் வாங்கிக்கொள்ள வேண்டும். விமான நிலையத்தில் சுங்க முத்திரை வாங்க வேண்டும். பொருளைக் காட்டு என்று கேட்கலாம், அதனால் பையை உள்ளே அனுப்புவதற்கு முன்பே போக வேண்டும். என்னையும் கேட்டார்கள். ஜிப்பை ஒரு சாண் திறந்தேன். மஞ்சள் எட்டிப் பார்த்தது. முத்திரை விழுந்தது.

செக்-இன் மேசையில் மறைக்காமல் சொன்னேன், மடக்கு சைக்கிள் என்று. அந்தப் பெண் எடையைப் பார்த்தாள், அளவைப் பார்த்தாள், கூடுதல் கட்டணம் இல்லை என்றாள். சாதாரண சைக்கிள் என்றால் சக்கரம், ஹேண்டில்பார், பெடல் எல்லாம் கழற்றினாலும் பெட்டி 158ஐத் தாண்டிப் போய்விடும். பல நிறுவனங்களில் தனி முன்பதிவு, தனிக் கட்டணம். என் பைக்கு ஒரு சீட்டு ஒட்டி, அளவு மிஞ்சிய சாமான்கள் போகும் பெல்ட்டுக்கு அனுப்பினாள். அளவுக்காக இல்லை. வார் தொங்கும் பைகள் சாதாரண பெல்ட்டில் சிக்கிக்கொள்ளும், அதற்காக. அங்கே கோல்ஃப் பைக்கும் ஒரு குழந்தைத் தள்ளுவண்டிக்கும் நடுவில் என் பை ரப்பர் திரைக்குள் போயிற்று. அந்த ரப்பர் திரை ஆடி அடங்கும்வரை நின்றேன்.

விமானத்தில் நான் தூங்கவில்லை. என் காலுக்குக் கீழே எங்கேயோ அது இருக்கிறது, நாங்கள் இருவரும் ஒரே வேகத்தில் கருங்கடல் பக்கம் போய்க்கொண்டிருக்கிறோம் என்ற நினைப்பே போதுமானதாக இருந்தது.

சென்னையில் இறங்கியது விடியற்காலை. பை வந்தது! திறந்து சோதித்த சீட்டு உள்ளே இருந்தது. நான் வைத்த படத்தில் இருந்தது போலவே நுரைக் குழல்களைத் திரும்ப மாட்டி, வாரையும் கட்டியிருந்தார்கள். யாரென்று தெரியாத அந்தக் கைகளுக்கு இன்றைக்கும் நன்றி.

சுங்கத்தில், அறிவிக்க ஒன்றும் இல்லாதவர்கள் போகும் பச்சை வாசலைத் தாண்டிப் போகலாமே என்று யாராவது உங்களுக்குச் சொன்னால் கேட்காதீர்கள். நான் நேராகச் சிவப்பு வாசலுக்குப் போய் பில்லை நீட்டினேன்.

"என்னம்மா இது?"

"சைக்கிள் சார்."

"இதுக்குள்ளயா? பிரிச்சுக் காட்டுங்க."

பிரித்தேன். கைப்பிடிகளைத் திருகி மாட்டினேன். பின் சக்கரம் டக், நடு மூட்டு டக், ஹேண்டில்பார் டக். நிமிர்ந்தால் அதிகாரியோடு இன்னும் நாலு பேர். "இன்னொரு தடவை மடிங்கம்மா, இவர் பாக்கல." மடித்தேன், விரித்தேன், மறுபடி மடித்தேன். பில் தொகை நம் ரூபாயில் ஏறத்தாழ 95,000. அன்றைய விதிப்படி 50,000 வரை வரி இல்லை. மிச்சம் 45,000க்கு 38.5 சதவீதம், அதாவது 17,325 ரூபாய். கட்டினேன். ரசீது வாங்கினேன். ஹீத்ரோவில் முத்திரை போட்ட வாட் பணம் கமிஷன் போக அதில் பெரும்பகுதியை ஈடுகட்டிவிட்டது.

வெளியே அண்ணன் நின்றிருந்தான். "வா பாப்பா, கார் அந்தப் பக்கம் நிக்குது."

"அண்ணா, சூட்கேஸை நீ எடுத்துட்டுப் போ. நான் பின்னாடி வரேன்."

டயரில் மீதிப் பாதி காற்றை பம்பில் அடித்தேன். ஜி.எஸ்.டி. சாலையில் அந்த நேரத்தில் லாரிகளும் பால் வண்டிகளும் மட்டும். வலது கை பிரேக் முன் சக்கரத்துக்கு, நம் ஊர் வழக்கப்படியே. இங்கிலாந்தும் நாமும் இடப்பக்கம் ஓட்டுகிறவர்கள் ஆயிற்றே. பழவந்தாங்கல் சுரங்கப்பாதையில் இறங்கும்போது மணியை அடித்துப் பார்த்தேன். எதிரொலித்தது. ஆஞ்சநேயர் கோயில் வாசலில் பூக்காரம்மா கூடையை இறக்கிக்கொண்டிருந்தார். லண்டனில் வாங்கிய சைக்கிளில் விமான நிலையத்திலிருந்து நங்கநல்லூர் வீட்டுக்கே மிதித்து வந்துவிட்டேன்! அம்மா கதவைத் திறந்தபோது வண்டியை மடித்துக் கையில் பிடித்திருந்தேன்.

விமானத்தில் வந்ததில் முன் மட்கார்டின் கம்பி மட்டும் சற்றே வளைந்திருந்தது. தெருமுனை சைக்கிள் கடை அண்ணன் இடுக்கியால் ஒரே பிடியில் நிமிர்த்திவிட்டார். அவர்தான் முக்கியமான ஒன்றைக் கண்டுபிடித்தார். பதினாறு இன்ச்தானே என்று குழந்தைகள் சைக்கிள் டயரை எடுத்து வைத்துப் பார்த்தவர், "ஏறாதுங்க, இது வேற பதினாறு" என்றார். உண்மை! குழந்தைகள் சைக்கிளின் பதினாறு என்பது டயர் உட்காரும் இடத்தில் 305 மில்லிமீட்டர். பிராம்ப்டனின் பதினாறு 349. ட்யூபின் வால்வு மோட்டார் சைக்கிள் வால்வு மாதிரியே என்பதால் காற்று அடிக்க மட்டும் எங்கேயும் கவலை இல்லை. பிறகு அவர் வண்டியைத் தலைகீழாகக் கவிழ்த்து, மூட்டை விரலால் தடவிப் பார்த்து, "யாரோ கையெழுத்து போட்டிருக்காங்களே" என்றார். நாங்கள் இரண்டு பேரும் குனிந்து அந்த எழுத்துகளைப் படித்தோம்.

லண்டன் போகிறவர்களுக்குச் சொல்ல இரண்டே விஷயம் இருக்கிறது. அங்கே வாட் திருப்பித் தரும் திட்டம் 2020 டிசம்பரோடு நின்றுவிட்டது, நம் சுங்க வரம்பும் வரியும் அவ்வப்போது மாறுகின்றன. கிளம்பும் முன் பார்த்துக்கொண்டு, பில்லைக் கைப்பையில் வையுங்கள். வண்டியோடு 349 அளவில் இரண்டு ட்யூபும் ஒரு டயரும் மறக்காமல் வாங்கி வாருங்கள்.